சீஃபோர்டிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை ஒரு நாள் நடை: ஏழு பேர், அக்டோபர் சனிக்கிழமை, நேரம் போதுமா?

ரெடிங்காரன்

அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை. மொத்தம் ஏழு பேர், அதில் இரண்டு பேர் இங்கிலாந்துக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. லண்டன் விக்டோரியாவில் ரயில் ஏறி சீஃபோர்டில் இறங்கி, செவன் சிஸ்டர்ஸ் என்ற கடலோரச் சுண்ணாம்புக் குன்றுகள் வழியாக ஈஸ்ட்போர்ன் வரை நடந்து, அங்கிருந்து ரயிலில் திரும்புவது திட்டம். செயலி 22 கிலோமீட்டர், நாலரை மணி நேரம் என்று காட்டுகிறது. மலை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, எல்லாம் புல்மேடுதானே.

காலை 11 மணிக்கு சீஃபோர்டில் தொடங்கினால் போதுமா? குக்மியர் ஆற்றின் முகத்துவாரத்தைக் கடலோரமாகவே தாண்டலாமா? ஸ்போர்ட்ஸ் ஷூ போதுமா? டிக்கெட்டை எப்படி எடுப்பது? ஏதாவது விட்டிருந்தால் சொல்லுங்கள்.

சுண்ணாம்புப்பாறை

11 மணி போதாது. செயலி சொல்லும் நாலரை மணி என்பது மணிக்கு 5 கி.மீ. வீதம் சமதரையில் நிற்காமல் நடக்கும் ஒற்றை ஆளின் கணக்கு.

1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்றைக்கும் உதவும். 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதன்மேல் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம். இந்த வழியில் மிக உயர்ந்த இடமே பீச்சி ஹெட்தான், 162 மீட்டர். ஆனால் பார்க்க வேண்டியது உச்சியின் உயரத்தை அல்ல, எத்தனை தடவை ஏறி இறங்குகிறோம் என்பதை. சீஃபோர்ட் ஹெட்டில் 86 மீட்டர் ஏறி ஆற்று மட்டத்துக்கு இறங்குவீர்கள். அங்கிருந்து ஹேவன் பிரோ என்ற முதல் மேடு 77 மீட்டர். அப்புறம் வரிசையாகப் பள்ளம் மேடு, பள்ளம் மேடு. பேர்தான் ஏழு சகோதரிகள், காலால் எண்ணினால் எட்டு மேடு வரும். எல்லா ஏற்றத்தையும் கூட்டினால் சுமார் 550 மீட்டர்.

22 கி.மீ.க்கு 4 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு 55 நிமிடம், ஆக 5 மணி 20 நிமிடம். ஏழு பேர் கூட்டத்துக்கு இன்னும் கால் பங்கு சேர்க்க வேண்டும். ஒருவர் லேஸ் கட்ட நின்றால் ஏழு பேரும் நிற்பார்கள். இதோடு 6 மணி 40 நிமிடம் ஆகிவிட்டது. சாப்பாடு, கழிப்பறை, டீ என்று ஒன்றேகால் மணி. மொத்தம் ஏறக்குறைய 8 மணி நேரம்.

அக்டோபர் நடுவில் சூரியன் மறைவது சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு. 11-க்குத் தொடங்கினால் பீச்சி ஹெட்டின் பாறை விளிம்பில் இருட்டிவிடும். 9:30-க்கு சீஃபோர்ட் நிலையத்தை விட்டுக் கிளம்புங்கள், அதற்கு மேல் தள்ளக் கூடாது. நடக்கும் நாளை அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் மாற்றினால் கடிகாரம் ஒரு மணி பின்னால் போய்விடும், 4:40 வாக்கில் இருட்டு. அப்போது இந்த முழு வழியும் வேண்டாம்.

ஈரக்காலுறை

முகத்துவாரம் பற்றி: கூடாது. அங்கே பாலம் கிடையாது. நீர் வற்றும் நேரத்தில் முழங்கால் அளவு மாதிரி தெரியும், ஆனால் ஆறு கடலோடு சேரும் இடத்தில் இழுப்பு இருக்கும், கீழே உருண்டைக் கூழாங்கல், கால் நிற்காது. சிவப்புக் கூரை போட்ட கடலோரக் காவலர் வீடுகளிலிருந்து ஆற்றின் மேற்குக் கரையோடு உள்நாட்டுப் பக்கம் சுமார் 2 கி.மீ. நடந்து எக்ஸீட் பாலத்தில் கடந்து, கிழக்குக் கரையோடு மறுபடி கடலை நோக்கி வர வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் வெட்டியாகச் சுற்றுவது போலத்தான் இருக்கும். குறுக்குவழி என்று ஒன்று இல்லை.

பாலத்தில் ஏ259 சாலை ஓடுகிறது. இடம் குறுகல், வண்டி நிற்காமல் வரும். அந்தக் கொஞ்ச தூரம் ஒற்றை வரிசையில் போங்கள்.

குரோய்டன் கிளி

தம்பி, டிக்கெட் விசயம். மூன்று முதல் ஒன்பது பேர் வரை சேர்ந்து போனால் குரூப்சேவ் என்று ஒரு கழிவு இருக்குது, மூன்றில் ஒரு பங்கு குறையும். இதுக்கு ரெயில்கார்ட் என்ற கழிவு அட்டை தேவையில்லை. ஆனால் ஏழு பேரும் ஒரே ரெயினில் ஒன்றாப் போய் ஒன்றாத்தான் திரும்ப வேணும். "நான் பிந்தி வாறன், நீங்கள் போங்கோ" என்று ஒராள் சொன்னால் அவருக்கு அந்த டிக்கெட் செல்லாது.

சீஃபோர்டும் ஈஸ்ட்போர்னும் இரண்டு வேறு கிளைப் பாதை, இரண்டும் லூயிஸில்தான் பிரியுது. லண்டன் – ஈஸ்ட்போர்ன் போய்வர டிக்கெட் ஒன்று, லூயிஸ் – சீஃபோர்ட் ஒருவழி டிக்கெட் ஒன்று எடுத்தால் காணும். காலமை லூயிஸில் இறங்கி சீஃபோர்ட் வண்டிக்கு மாறுங்கோ. பின்னேரம் ஈஸ்ட்போர்னில இருந்து நேரா விக்டோரியா.

வெள்ளிக்கிழமை இரவு கட்டாயம் ஒருக்கா நேஷனல் ரெயில் தளத்தைப் பாருங்கோ. வார இறுதியில்தான் தண்டவாள வேலை செய்வினம். ரெயினுக்குப் பதிலா பஸ் விட்டால் உங்கட 9:30 கணக்கு அதோட போச்சு.

வரைபடக்கிறுக்கு

செயலியை மட்டும் நம்ப வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். காரணத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் "காகித வரைபடமா, அது தாத்தா காலம்" என்று உடனே யாராவது வருவார்கள்.

பொது வரைபடச் செயலிகள் கார் ஓட்டுபவருக்காகச் செய்தவை. நடைபாதை இருக்கிறது என்று காட்டுமே தவிர, அதில் நடக்க உரிமை இருக்கிறதா, நடுவில் வேலி இருக்கிறதா என்று காட்டாது. ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசை, அதாவது ஆரஞ்சு அட்டை, 1:25,000 அளவு, இரண்டையும் காட்டும். இந்தப் பகுதிக்கு ஓஎல் 25 எண். இளஞ்சிவப்பு அட்டை லேண்ட்ரேஞ்சர் 1:50,000. அதில் வேலிக் கோடு கிடையாது, நடப்பவருக்கு அது பற்றாது. காகிதத்தை வாங்கினால் கைபேசியில் இறக்கிக்கொள்ள அட்டைக்குள் குறியீடு ஒன்று இருக்கும். ஆக இரண்டும் கிடைத்துவிடும்.

படிக்கும் முறை. ஒரு கட்டம் 4 செ.மீ., தரையில் 1 கி.மீ. பச்சைக் குறுங்கோடுகள் நடைபாதை. பச்சை நெடுங்கோடுகள் குதிரைப் பாதை, அதில் சைக்கிளும் வரலாம். பச்சை வைரக் குறி தேசிய நடைவழி. உங்கள் வழியில் பெரும்பகுதி அதுதான்: வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கி.மீ. ஓடும் சவுத் டவுன்ஸ் வேயின் கடைசித் துண்டு.

புதிதாக வந்தவர்கள் மாட்டிக்கொள்வது இரண்டு இடத்தில். கறுப்புக் கோட்டுத்துண்டுகள் தரையில் ஒரு தடம் இருப்பதைத்தான் சொல்கின்றன, நடக்கும் உரிமையை அல்ல. கறுப்புப் புள்ளி வரிசை பாதையே அல்ல, அது ஊராட்சி எல்லை. அதைப் பிடித்துக்கொண்டு போனால் ஏதாவது ஒரு முள்வேலியின் முன்னால் போய் நிற்பீர்கள்.

தரையில் கம்பங்களில் அம்புக்குறி இருக்கும். மஞ்சள் நடப்பவருக்கு, நீலம் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. ஏகோர்ன் என்ற ஓக் கொட்டைச் சின்னம் தேசிய நடைவழி. அம்பு எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்று கவனியுங்கள். வயலுக்குள் பாதை குறுக்காகப் போகிறதா, ஓரமாகப் போகிறதா என்பதை அந்தக் கோணம்தான் சொல்லும்.

மெதுநடை

வரைபடக்கிறுக்கு சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். எக்ஸீட்டிலிருந்து பர்லிங் கேப் வரை கடல் வலது பக்கம் இருக்கும், வழி தப்பவே முடியாது. அந்த இடத்துக்கு வரைபடம் எதற்கு? வரைபடம் வேண்டியது ஒரே ஒரு காரியத்துக்கு: பாதியில் யாருக்காவது முடியவில்லை என்றால் எங்கே வெளியேறுவது. ஒரு நாள் நடைத் திட்டத்தில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இந்த வழியில் சுலபமாக வெளியேற இரண்டு இடம் இருக்கிறது.

எக்ஸீட், தொடங்கி சுமார் 7 கி.மீ.யில். பார்வையாளர் மையத்துக்கு எதிரே பிரைட்டன் – ஈஸ்ட்போர்ன் 12 எண் பேருந்து நிற்கும். இரு திசையிலும் ரயில் நிலையம் போகலாம்.

பர்லிங் கேப், சுமார் 13 கி.மீ.யில். இங்கிருந்து சாலையோடு உள்நாட்டுப் பக்கம் ஒன்றரை கி.மீ. போனால் ஈஸ்ட் டீன் கிராமம், அங்கேயும் ஏ259-இல் அதே 12.

இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 6 கி.மீ. சுலபமான வெளியேற்றம் இல்லை. ஆகவே "முடியுமா, முடியாதா" என்ற கேள்வியை எக்ஸீட்டில் கேட்டுவிட வேண்டும், மூன்றாவது சகோதரியின் உச்சியில் அல்ல. முழங்கால் வலி ஏற்றத்தில் தெரியாது, இறக்கத்தில்தான் தெரியும். சீஃபோர்ட் ஹெட் இறக்கத்தில் யார் பக்கவாட்டில் நடக்கிறார்கள் என்று பாருங்கள். அவரிடம் எக்ஸீட்டில் பேசுங்கள்.

நேர வரம்பு: எக்ஸீட்டை 12 மணிக்குள் விட வேண்டும், பர்லிங் கேப்பை 3 மணிக்குள். பர்லிங் கேப்பிலிருந்து ஈஸ்ட்போர்ன் நிலையம் சுமார் எட்டரை கி.மீ., 200 மீட்டர் ஏற்றம், கூட்டமாக இரண்டரை மணி நேரம். 3:30 ஆகிவிட்டால் பேச்சே வேண்டாம், ஈஸ்ட் டீன் பேருந்து.

ஈரக்காலுறை

> வழி தப்பவே முடியாது

வெயில் நாளில் சரி. கடல்மூட்டம் ஏறினால் விளிம்பு எங்கே என்றே தெரியாது. வழி தப்ப முடியாது என்பதும் விளிம்பு தெரியும் என்பதும் ஒன்றல்ல.

மெதுநடை

ஒப்புக்கொள்கிறேன். மூட்டம் வந்தால் கடலோரத் தடத்தை விட்டு, வேலியை ஒட்டி உள்பக்கம் நடக்கணும்.

சுண்ணாம்புப்பாறை

விளிம்பு பற்றி விரிவாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். புதிதாக வரும் இருவரும் படம் எடுக்க அங்கேதான் போவார்கள்.

இது கருங்கல் மலை அல்ல, சுண்ணாம்பு. மென்மையான, வெடிப்பு விட்ட பாறை. கீழே அலை அரிக்கிறது. மேலே மழைநீர் வெடிப்புக்குள் இறங்குகிறது, குளிரில் உறைந்தால் விரிந்து பிளக்கிறது. கடைசியில் ஒரு பலகை போல மொத்தமாகக் கழன்று விழும், எச்சரிக்கை எதுவும் இருக்காது. மேலே நிற்பவருக்குத் தன் காலடியில் இருப்பது கெட்டித் தரையா, காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் புல்மெத்தையா என்று தெரியாது. பக்கத்து மேட்டிலிருந்து திரும்பிப் பார்த்தால்தான் அடியில் குடைந்திருப்பது தெரியும். எவ்வளவு வேகமாகக் கரை பின்வாங்குகிறது என்பதற்கு வழியிலேயே ஒரு சாட்சி இருக்கிறது: பெல் டூட் கலங்கரை விளக்கம். 1999-இல் அந்தக் கட்டடத்தையே ஜாக்கி வைத்துத் தூக்கி 17 மீட்டர் உள்ளே தள்ளினார்கள்.

விளிம்பிலிருந்து 5 மீட்டராவது தள்ளி இருங்கள். புல்லில் விளிம்புக்கு இணையாக வெடிப்பு தெரிந்தால் அதற்கும் உள்ளே வாருங்கள். பிறரின் காலடித்தடம் விளிம்புக்குப் போகிறது என்பது அங்கே தரை உறுதி என்பதற்குச் சான்று அல்ல. குதித்துப் படம் எடுப்பது, காலைத் தொங்கவிட்டு உட்காருவது, இரண்டும் வேண்டாம். காற்று கடலை நோக்கி வீசும் நாளில் தொப்பியை விரட்டிக்கொண்டு ஓடக்கூடாது என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் கை தானாக நீளும்.

கீழே கடற்கரையிலும் நிம்மதி இல்லை. குக்மியர் முகத்துவாரத்துக்கும் பர்லிங் கேப்புக்கும் நடுவில் மேலே ஏற வழி கிடையாது. ஓதம் ஏறினால் நீர் பாறைச் சுவர்வரை வந்துவிடும். தலைக்கு மேலே கல் உதிரும். "போகும்போது மேலே, பார்த்துவிட்டுக் கீழே" என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

ரெடிங்காரன்

நன்றி, நினைத்ததைவிட விஷயம் அதிகம். 9:30 என்று மாற்றிவிட்டேன். ஷூ பற்றியும் சாப்பாடு பற்றியும் சொல்லவில்லையே. எதிர்த்திசையில், அதாவது ஈஸ்ட்போர்னிலிருந்து சீஃபோர்டுக்கு நடந்தால் என்ன?

ஈரக்காலுறை

திசை: இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். சீஃபோர்டிலிருந்து கிழக்கே நடந்தால் அது முதுகில் தள்ளும். எதிர்த்திசையில் எட்டு மேட்டிலும் முகத்தில் அறையும். மழையோடு சேர்ந்தால் கண்ணைத் திறக்க முடியாது. ஆகவே மேற்கிலிருந்து கிழக்கு.

எதிர்வாதமும் நியாயமானதுதான். காவலர் வீடுகளுக்குப் பக்கத்திலிருந்து எடுக்கும் அந்தப் புகழ்பெற்ற படம் கிழக்குப் பார்த்தது. பாறை முகம் தென்மேற்கு. காலையில் நிழலில் சாம்பல் நிறமாக இருக்கும், மதியத்துக்கு மேல்தான் வெள்ளையாகப் பளிச்சிடும். படம்தான் முக்கியம் என்றால் ஈஸ்ட்போர்னிலிருந்து வருவது நல்லது. நடைதான் முக்கியம் என்றால் சீஃபோர்ட்.

ஷூ: காய்ந்த நாளில் அடியில் ஆழமான பல் உள்ள ஸ்போர்ட்ஸ் ஷூ போதும். மழைக்கு மறுநாள் போதாது. ஈரச் சுண்ணாம்பு சோப்புக்கட்டி மாதிரி. அதன்மேல் களிமண் சேறு ஒட்டினால் அடிப்பல் அடைத்துக்கொண்டு மொட்டையாகிவிடும். தேய்ந்த ஷூ, ஜிம்முக்குப் போடும் தட்டை அடி, இரண்டும் சறுக்கும். புதிய பூட்ஸ் வாங்கி அன்றைக்கே போட்டுக்கொண்டு வருவதும் தப்பு. குறைந்தது நாலைந்து நாள் தெருவில் போட்டு நடந்திருக்க வேண்டும். இறக்கத்தில் விரல் முனையில் இடிக்கும், அதனால் அரை அளவு பெரிதாக எடுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவதில் பயன் குறைவு. குதிகாலில் சூடு தெரிந்த உடனே நின்று டேப் ஒட்டணும். "அடுத்த மேட்டில் பார்த்துக்கலாம்" என்றால் கொப்புளம் உறுதி.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது, காற்றில் உடம்புச் சூட்டை உறிஞ்சும். பருத்தி பனியனும் அப்படியே, ஏற்றத்தில் வேர்த்து உச்சியில் ஜில்லென்று ஒட்டும். செயற்கை நூல் அல்லது மெரினோ கம்பளி உள்ளே, ஃப்ளீஸ் நடுவில், காற்றும் மழையும் புகாத மேலாடை வெளியே. குடை அங்கே இரண்டு நிமிடம் தாங்காது.

குரோய்டன் கிளி

சப்பாத்துக்கு மேலதிகமா மாற்று மேஸ் (காலுறை) ஒரு சோடி பையில் வையுங்கோ. பையின் மழை உறையை நம்பாமல் உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் பை போட்டு, அதுக்குள்ளே சாமான் எல்லாம்.

சாப்பாடு: குளிருக்குள்ளே சோறு வேண்டாம் என்பது என்ர அபிப்பிராயம். புளிச்சாதமும் லெமன் சாதமும் கெடாது என்று நினைச்சுக் கொண்டு வருவினம். ஆனால் குளிரில் சோறு விறைச்சுப் போகும், கரண்டி பிடிக்கக் கையுறையைக் கழட்ட வேணும், காத்து வந்தால் பருக்கை பறக்கும். முதல் நாள் இரவு சமைச்சு அடுப்படியில் மூடி வைச்ச சோறு இன்னும் மோசம். அதில் வளர்ற கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சோறுதான் வேணுமென்றால் சமைச்சு ஒரு மணித்தியாலத்துக்குள் ஆற வைச்சு குளிர்ப்பெட்டியில் வையுங்கோ, காலமை நேரா அதிலிருந்து எடுத்துக்கொண்டு வெளிக்கிடுங்கோ.

சப்பாத்திக்குள் உருளைக்கிழங்குப் பிரட்டலை வைச்சு உருட்டி, படலத்தாளில் சுத்தினால் நடந்துகொண்டே ஒரு கையால் சாப்பிடலாம். ஆளுக்கு மூன்று. கச்சான், பேரீச்சம்பழம் தனியா ஒரு பையில், பொக்கற்றில் இருக்க வேணும், முதுகுப்பையின் அடியில் இல்லை. தண்ணி ஆளுக்கு ஒன்றரை லீற்றர், வீட்டிலேயே நிரப்புங்கோ. ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி மூன்று பேருக்குக் காணும்.

கழிப்பறை எக்ஸீட்டிலும் பர்லிங் கேப்பிலும் இருக்குது. இடையில் ஒரு பத்தை, ஒரு மரம்கூட இல்லை, வெறும் புல்வெளி. பெண்பிள்ளைகள் இருந்தால் எக்ஸீட்டில் இதை வெளிப்படையாச் சொல்லுங்கோ.

மெதுநடை

தோசை வகையறா எதுவும் கொண்டு போகலாம் அக்கா, கடலைப் பருப்புச் சட்னியை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். அது பைக்குள் திறந்துகொண்டால் வரைபடத்துக்கும் மாற்றுத் துணிக்கும் ஒரே கதி.

கூட்டத்தை நடத்துவது பற்றி ஒன்று. முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஆள் நல்ல நடையாளியாக இருக்க வேண்டும், மெதுவானவர் அல்ல. ஒவ்வொரு வேலிக்கதவிலும் உச்சியிலும் எல்லோரும் சேர்ந்த பிறகே நகரணும். இதில் எல்லா நண்பர் கூட்டமும் செய்யும் தவறு: முன்னே போனவர்கள் ஐந்து நிமிடம் ஓய்வெடுத்துவிட்டு, கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்ந்த நொடியில் "சரி, போலாமா" என்று எழுந்துவிடுவார்கள். மெதுவாக வருபவருக்கு ஓய்வே கிடைக்காது, அடுத்த மேட்டில் இன்னும் பின்தங்குவார். கடைசி ஆள் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு இரண்டு நிமிடம் என்று எண்ணுங்கள். மொத்தத்தில் இதுதான் வேகமான முறை.

ரெடிங்காரன்

இன்னொரு சந்தேகம். வழியில் வேலிக்குள் ஆடு மாடு இருக்கும் என்கிறார்கள். அது யாருடையதோ நிலம். உள்ளே போனால் விரட்ட மாட்டார்களா? புதிதாக வந்த இருவருக்கும் இதுதான் பெரிய தயக்கம்.

வரைபடக்கிறுக்கு

நிலம் தனியாருடையதுதான், பாதை பொதுவழி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டப்படி பதிவான நடைபாதை ஒரு சாலையைப் போன்றது. உரிமையாளர் அனுமதி கேட்க வேண்டாம், கையசைத்து ஒரு வணக்கம் போதும். அந்தக் கோட்டை விட்டு விலகினால்தான் அத்துமீறல். இது தவிர 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி திறந்த நிலம் என்று குறித்த புல்மேடுகளில் பாதையை விட்டும் நடக்கலாம். எக்ஸ்ப்ளோரரில் அவை வெளிர்மஞ்சள் பூச்சில் தெரியும். ஸ்காட்லாந்தில் கதை வேறு, அங்கே 2003 சட்டத்தால் பெரும்பாலான நிலத்தில் பொறுப்போடு நடக்கும் உரிமை உண்டு. அந்த நினைப்பில் சசெக்ஸ் வயலுக்குள் இறங்கக் கூடாது.

பாதை உழுத வயலின் குறுக்கே போனால் சுற்றிப் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை. வயலுக்குக் குறுக்கே போகும் நடைபாதையை உழுதால் 14 நாளுக்குள் ஒரு மீட்டர் அகலத்துக்காவது திரும்பச் சரிசெய்ய வேண்டியது விவசாயியின் கடமை. ஓரமாகச் சுற்றினால்தான் பயிர் மிதிபடும், உரிமையும் இல்லாத இடம்.

கதவு: திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள். ஏழு பேர் போகும்போது கடைசி ஆள் மூட வேண்டும், முதல் ஆள் அல்ல. இதைச் சொல்லி வைக்காவிட்டால் ஆளாளுக்கு அடுத்தவர் மூடுவார் என்று போய்விடுவார்கள். ஸ்டைல் என்ற மரப்படியில் ஒரு நேரத்தில் ஒருவர்.

ஈரக்காலுறை

ஆடு ஒன்றும் செய்யாது. மாடு அப்படியல்ல. நம்மூர் மாடு ஆளோடு பழகியது, தெருவில் உரசிக்கொண்டு போகும். அந்தப் பழக்கத்தில் இங்கே கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் நடந்துவிடக் கூடாது. கன்று இருந்தால் தூரமாகச் சுற்றுங்கள், அதற்காகப் பாதையை விட்டு விலகினால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். இளங்காளைக் கூட்டம் ஆர்வத்தில் ஓடி வரும். ஓடாதீர்கள், திரும்பி நின்று கையை விரித்துக் காட்டி, நிதானமாகக் கதவை நோக்கி நடங்கள். யாராவது நாய் கொண்டுவந்தால், மாடு துரத்தும்போது நாயின் கயிற்றை விட்டுவிட வேண்டும். மாட்டுக்குக் கோபம் நாயின்மேல், நாய் ஓடித் தப்பும்.

பொலிகாளை: ஹோல்ஸ்டைன், ஜெர்சி மாதிரிப் பால் இனக் காளையைப் பத்து மாதத்துக்கு மேல் நடைபாதை வயலில் விடுவது சட்டவிரோதம். மற்ற இனக் காளை பசுக்களோடு சேர்ந்திருந்தால் விடலாம். ஆகவே காளையைக் கண்டால் முதலில் சுற்றிலும் பசு இருக்கிறதா என்று பாருங்கள். இனத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர்கள் (நானும்தான்) வேலிக்கு வெளியே போய்விடுவது மேல்.

உண்ணியும் உண்டு, அக்டோபரிலும். உயரமான புல்லில் உட்கார வேண்டாம். வீட்டுக்கு வந்து முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சி வைப்பது கூடாது, அது உள்ளே கக்கிவிடும். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விரிந்தால் மருத்துவரிடம் லைம் நோய் என்று பேரைச் சொல்லியே காட்டுங்கள்.

சுண்ணாம்புப்பாறை

அவசர உதவி பற்றி யாரும் சொல்லவில்லை. 999 அல்லது 112. பாறை விளிம்பிலோ கடற்கரையிலோ என்றால் போலீசையோ ஆம்புலன்சையோ அல்ல, கோஸ்ட்கார்டை, அதாவது கடலோரக் காவலரைக் கேளுங்கள். கயிறு போட்டு இறங்கும் குழு அவர்களிடம்தான் இருக்கிறது.

கைபேசியில் பேச்சு கேட்காத இடத்தில் குறுஞ்செய்தி போகும். ஆனால் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும்: ரெஜிஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்புங்கள், வரும் பதிலுக்கு யெஸ் என்று அனுப்புங்கள். ஏழு பேரும் ரயிலில் உட்கார்ந்துகொண்டே செய்துவிடலாம். விசில் என்றால் ஒரு நிமிடத்தில் ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

புதிதாக வந்த இருவரிடமும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். இந்த நாட்டில் கோஸ்ட்கார்ட் மீட்புக்கோ மலை மீட்புக் குழுவுக்கோ கட்டணம் கிடையாது, ஆம்புலன்சுக்கும் கிடையாது. பில் வருமே, விசாவில் சிக்கல் வருமே என்ற பயத்தில் கணுக்காலை இழுத்துக்கொண்டு நடப்பதுதான் ஆபத்து. சுவிட்சர்லாந்துக்குப் போகும்போது இந்தக் கணக்கு செல்லாது, அங்கே காப்பீடு வேண்டும்.

தலைவிளக்கு குறைந்தது இரண்டு எடுங்கள், கைபேசி விளக்கு அல்ல. கைபேசி குளிரில் சார்ஜ் வேகமாக இறங்கும், அதை உள்சட்டைப் பையில் வையுங்கள்.

ரெடிங்காரன்

இரண்டு கேள்வியோடு முடிக்கிறேன். நாள் தள்ளிப்போய் கடிகாரம் மாறிய பிறகுதான் போக முடிந்தால் எந்த வழி? பீச்சி ஹெட் தாண்டியதும் ஈஸ்ட்போர்ன் வந்துவிட்டது போலத் தெரிகிறதே, அது எவ்வளவு தூரம்?

மெதுநடை

முதல் கேள்விக்கு: எக்ஸீட் வரை பேருந்தில் போய் அங்கே தொடங்குங்கள். ஹேவன் பிரோ, குன்றுகள், பர்லிங் கேப், அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பி ஈஸ்ட் டீன், ஃப்ரிஸ்டன், காட்டு வழியாக வெஸ்ட்டீன், மறுபடி எக்ஸீட். 13 கி.மீ. சுமார், சுற்றுவழி. 10 மணிக்குத் தொடங்கினால் 3:30-க்குள் பேருந்து நிறுத்தத்தில் இருக்கலாம். இதற்கு வரைபடம் உண்மையிலேயே வேண்டும், ஃப்ரிஸ்டன் காட்டுக்குள் தடம் ஏகப்பட்டது பிரியும். வரைபடக்கிறுக்கு இப்போது சிரிப்பார்.

வரைபடக்கிறுக்கு

சிரித்தாகிவிட்டது.

சுண்ணாம்புப்பாறை

இரண்டாவதுக்கு: பீச்சி ஹெட் உச்சியிலிருந்து நிலையம் இன்னும் நாலரை கி.மீ. ஊர் காலடியில் தெரிவதால் வந்துவிட்டோம் என்று கால் தளரும், இடறி விழுவது அங்கேதான். கடைசி இறக்கம் செங்குத்தான புல்சரிவு, சாயங்காலப் பனி இறங்கியிருந்தால் சறுக்கும். நேராக இறங்காமல் குறுக்கும் நெடுக்குமாக இறங்குங்கள், குச்சி இருந்தால் நீளத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கீழே சவுத் டவுன்ஸ் வே முடியும் இடத்தில் தார்ச்சாலை. அதிலிருந்து நிலையம் வரை கூட்டத்தின் வேகத்தில் முக்கால் மணி நேரம், எல்லாம் சாலையோர நடைபாதை. 5:30-க்கு நிலையம் வந்தால் அடுத்த வண்டிக்கு ஓட வேண்டாம். குரூப்சேவ் டிக்கெட், ஏழு பேரும் சேர்ந்துதான் ஏறணும்.